முகத்துவாரத்துப் பாட்டில்

மாதம் ஒருமுறை கடலிலிருந்து என் மேஜைக்கு ஐந்து பாட்டில்கள் வரும். அதில் முதல் பாட்டிலில் மட்டும் உயிர்கள் பாதிக்குப் பாதிதான் இருந்தன. ஒரு மாதம் அப்படி என்றால் கடல் அன்றைக்கு அப்படி என்று விட்டுவிடலாம். ஐந்து மாதமும் அப்படியே. ஆறாவது மாத முடிவில் என் தற்காலிக வேலைக்கு நீட்டிப்பு கொடுப்பதா வேண்டாமா என்று அதிகாரி எழுத வேண்டும். அவர் அந்தப் பாட்டிலைப் பார்த்த பார்வையும் என்னைப் பார்த்த பார்வையும் நாளாக நாளாக ஒரே மாதிரி ஆகிக்கொண்டு வந்தன.

எழுபதுகளின் தொடக்கம் அது. விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு ராயபுரத்தில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே கயிறும் கப்பியும் விற்கிற கடை, மாடியில் நாங்கள். இரண்டு அறை, இரண்டு மைக்ராஸ்கோப், ஒரு தொட்டி, கண்ணை எரிக்கும் ஃபார்மலின் வாசனை. பின்பக்கம் துறைமுகத்துக்குப் போகிற ரயில் பாதை. கூட்ஸ் வண்டி போனால் மேஜை அதிரும். லென்ஸுக்கு அடியில் செத்துக் கிடக்கும் உயிர்களெல்லாம் எழுந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் படுக்கும். கடைசிப் பெட்டி போகிறவரை எண்ணுகிற விரலை நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

எண்ணுவதுதான் என் வேலை. சொந்தமாக நீந்திப்போக வலுவில்லாமல், நீரோட்டம் இழுத்த பக்கம் போகிற பொடி உயிர்களுக்குப் பிளாங்க்டன் என்று பெயர். மீன் முட்டை, இறால் குஞ்சு, பிறந்து ஒரு நாள் ஆன நண்டு, அரிசி நொய்யில் பாதிகூட இல்லாத கோப்பிபாடு. எல்லாம் அதில் அடக்கம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் அப்பா, "அத்தினியும் எண்ணி யாருக்கும்மா ஒப்படைக்கப் போற?" என்று கேட்பார். மீனுக்கு இதுதான் சாப்பாடு, இது எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே மீனும் வரும் என்று நான் விளக்குவேன். "அது மீனுக்கே தெரியுமே" என்பார்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே தொடங்கி ஆழம் நோக்கி ஐந்து இடங்களில் வலை இழுப்பது எங்கள் கூடத்தின் வழக்கம். இந்த வலையில் மீன் படாது. மெல்லிய பட்டுத் துணியில் தைத்த நீளக் கூம்பு அது. வாயில் ஓர் இரும்பு வளையம், வால் நுனியில் ஒரு பித்தளைக் குவளை. பத்து நிமிடம் இழுத்தால் குவளையில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒன்று சேரும். அதைப் பாட்டிலில் ஊற்றி, கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலின் விட்டு, எந்த இடம் என்று பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போட்டு மூடிவிடுவார்கள். கடல் வேலைக்கென்று ஒரு களப்பணியாளர் இருந்தார். பதினோரு வருஷ அனுபவம். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். காலையில் கிளம்பிப் போய்ப் பாட்டில்களைக் கொண்டுவருவது அவர் பாடு. வந்ததை எண்ணுவது என் பாடு.

எண்ணுவதற்கு முன்னால் பாட்டிலை அசையாமல் வைத்து உயிர்களை அடியில் தங்கவிட வேண்டும். அப்புறம் மேல்தண்ணீரை மெல்லிய துணி வழியாக மெதுவாக வடிக்க வேண்டும். அவசரப்பட்டால் தண்ணீரோடு உயிர்களும் போய்விடும். இந்த "அவசரப்பட்டால்" என்ற சொல்லில்தான் வினை இருந்தது. நான் படி இறங்கினால் கீழ்க்கடைக்காரர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்கிப் பார்ப்பார், அவ்வளவு சத்தம். சேர்ந்த முதல் வாரமே இரண்டு கண்ணாடிக் குழாய்களை உடைத்தவள்.

"பழைய பதிவேட்டுல பாருங்க, மிஸ்," என்றார் அதிகாரி. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய தடித்த நோட்டு அது. "இந்த அஞ்சு இடத்துலயும் முகத்துவாரம்தான் எப்பவும் முதல். ஆத்துத் தண்ணி இரை கொண்டுவந்து கொட்டுது, உயிர் ஜாஸ்தி. நீங்க வந்த நாள்லேர்ந்து அது கடைசி."

"தண்ணி மாறியிருக்கலாமே சார். அங்க புதுசு புதுசா என்னென்னவோ கட்டறாங்க."

"மாறியிருக்கலாம். இல்ல, காலையில முதல் பாட்டிலை நீங்க வடிக்கிற வேகத்துல பாதி தொட்டியில போயிருக்கலாம். தண்ணி கெட்டுப்போச்சுன்னு நான் அறிக்கை எழுதி மேல அனுப்பணும்னா, ரெண்டாவது காரணம் கிடையாதுன்னு எனக்குத் தெரியணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கஷ்டம். உண்மையில் என் கையா, தண்ணீரா என்று எனக்கே தெரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது ரசத்தைத் தெளிவாக ஊற்றப் பார்த்து, அடியில் இருக்கிற பருப்பு கூடவே வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாவது மாதம் பாட்டில்கள் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் வரிசையைத் திருப்பினேன். கடைசி இடத்துப் பாட்டிலை முதலில் வடித்தேன். முகத்துவாரத்தை ஆகக் கடைசியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வடித்தேன். அப்போதும் அதில்தான் பாதி. அந்த நிமிடம் முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது மாதிரி இருந்தது. என் மேஜைக்கு வருவதற்கு முன்னாலேயே பாட்டில் பாதியாகத்தான் இருக்கிறது. நேரே போய் அதிகாரியிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ கடல்ல வலை இழுக்கறவர்மேல தப்புங்கறீங்களா? பதினோரு வருஷமா செய்யறவர்."

"யார்மேலயும் சொல்லல சார். என்னை ஒருதடவை படகுல அனுப்புங்க. பார்த்துட்டு வர்றேன்."

"பார்த்துட்டு வந்து?"

"காரணம் கிடைக்கலன்னா, என் கைதான்னு எழுதிடுங்க."

வாய் தவறி வந்த சொல்தான். வந்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. அவர் நாட்காட்டியைப் பார்த்து, அடுத்த பயணத்துக்கு நேரே என் பெயரையும் எழுதினார்.

களப்பணியாளருக்கு இது பிடிக்கவேயில்லை. "படகுல பொம்பளைங்களை ஏத்த மாட்டாங்கம்மா," என்றார். மறுநாள், "படகுக்காரர் ஒரு மாதிரி, முகத்துல அடிச்ச மாதிரி பேசுவார்," என்றார். அதற்கும் மறுநாள், "அங்க உக்கார இடமே கிடையாது," என்றார். ஒரு மனிதர் இத்தனை காரணம் சொன்னால் உண்மையான காரணம் வேறு என்று எனக்குத் தோன்றியது. என்னவென்று மட்டும் புரியவில்லை.

விடியும் நேரத்தில் எண்ணூர் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். படகுக்காரருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, நீயும் வர்ரியா?"

"பொம்பளைங்க ஏறக்கூடாதுன்னு சொன்னாங்களேண்ணே."

"யாரு சொன்னது? மீனா புடிக்கப் போறோம்? தண்ணி மொண்டுகினு வரப்போறோம். அதுக்கு இன்னா சாஸ்திரம் கீது? ஏறிக் குந்து."

நான் களப்பணியாளரைப் பார்த்தேன். அவர் வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் பிடித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து ராயபுரத்துக் கரையில் நின்று பார்த்த கடலுக்குள், முதல்தடவையாக நான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் நோட்டு. முன்வேலையெல்லாம் சரியாக நடக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தேன். வலையில் ஓட்டை இல்லை. குவளையின் மூடி இறுக்கமாக இருந்தது. பாட்டில்களில் விரிசல் இல்லை. களப்பணியாளர் சீட்டுகளை எழுதினார், ஃபார்மலின் அளந்து வைத்தார். எல்லாம் கச்சிதம்.

முகத்துவாரத்தில் ஆறும் கடலும் முட்டிக்கொள்கிற இடத்தில் அடியில் மணல் மேடு. அலை அங்கே படகைத் தூக்கி, யோசித்து, பக்கவாட்டில் கீழே போடும். அதைத் தாண்டியதும் எஞ்சினை மெதுவாக்கினார் படகுக்காரர். முதல் இடம் அதுதான். நிமிர்ந்து பார்க்கிறேன், களப்பணியாளரைக் காணோம். படகின் ஓரத்தில் குப்புறத் தொங்கிக்கொண்டிருந்தார். வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நனைத்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே பலகைமேல் படுத்துவிட்டார்.

"அண்ணா," என்றேன்.

துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் எழுந்து, "பேசாதே" என்பதுபோல் அசைந்தது.

"வுடு தங்கச்சி," என்றார் படகுக்காரர். "சாருக்கு இது கோயில் மாதிரி. இந்த எடத்துக்கு வந்தா வுழுந்து கும்புட்டுத்தான் போவாரு. ரெண்டாவது எடத்துல எழுந்து குந்திக்கினு நம்மளயே வெரட்டுவாரு பாரு."

"அப்போ இங்க வலை யார் இழுக்கறது?"

"நாந்தான். இன்னா பெரிய வித்தையா? சார்தான் எல்லாம் சொல்லிக் குடுத்துக்கீறாரே."

இதுதான் அந்த மூன்று நாள் காரணங்களின் காரணம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கூடவே காரணம் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. இவருக்கு வலை இழுக்கத் தெரியாமல் போயிருக்கும், அதனால்தான் பாதி. கடிகாரத்தைப் பார்த்தேன்.

துள்ளல் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. படகுக்காரர் செய்ததில் ஒரு குறை இல்லை. கயிற்றைச் சரியான நீளத்துக்கு விட்டார். வலை நீருக்கு மேலே வராமலும் அடியில் உரசாமலும் பார்த்துக்கொண்டார். பத்து நிமிடம் ஆனதும் நான் வாயைத் திறக்கும் முன்னே இழுக்கத் தொடங்கினார். துணியில் ஒட்டியிருப்பதெல்லாம் குவளைக்குள் இறங்கும்படி வெளிப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினார். நானே செய்திருந்தால் இத்தனை பொறுமையாகக் கழுவியிருப்பேனா என்பது சந்தேகம்தான். குவளை நிறையப் பழுப்பு நிறத்தில் தளதளவென்று வந்திருந்தது. என் கைதான் என்று எழுதிவிடுங்கள் என்று சொன்ன வாயை நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அந்த மாடிப்படி இறங்கி எங்கே போவது?

அப்போது அவர் குவளையைக் கழற்றினார். இடது கையைக் குழித்துப் பிடித்து, குவளையைச் சாய்த்து, ஒரு கை நிறைய ஊற்றினார். அதைக் கண்களுக்கு நேரே தூக்கி ஏதோ முணுமுணுத்து, படகுக்கு வெளியே கடலில் விட்டார். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றினார்.

"அண்ணே. இப்ப என்ன பண்ணினீங்க?"

"எது?"

"கடல்ல ஊத்தினீங்களே."

"அதுவா? மொதோ வலையில வர்றதுல கடலுக்கு ஒரு கை. எங்க வூட்ல வழக்கம். எங்க நைனாவும் அப்டித்தான்."

"மீன் பிடிக்கப் போகலன்னு சொன்னீங்களே?"

"மீன் வேற, வலை வேற. வலைன்னு ஒண்ணு எறங்கிச்சுன்னா கடலுக்குக் குடுத்துத்தான் ஆவணும்."

"மாசா மாசமா?"

"பின்ன? பழைய படகுக்காரரு போயி நான் வந்து அஞ்சு மாசம் ஆவுது, ஒரு தபா கூட வுட்டதில்ல," என்றார், நான் அவரை மெச்சுகிறேன் என்று நினைத்து.

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். அவர் கை நல்ல அகலமான கை. கூடை கூடையாக மீன் வருகிற வலையில் அந்த ஒரு கை யாருக்கும் தெரியாது. எங்கள் குவளையோ மொத்தத்தில் இரண்டு கை கொள்ளும், அவ்வளவுதான். கடலுக்குப் பாதி, எனக்குப் பாதி. ஐந்து மாதமாக நான் தூக்கம் கெட்டுத் தேடிய மறுபாதி இங்கேயே, எடுத்த இடத்திலேயே, மரியாதையோடு திரும்பப் போய்க்கொண்டிருந்தது.

பலகையில் உட்கார்ந்து சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்றார் அவர் கொஞ்சம் முறைப்பாக.

"அண்ணே, இதுல இருக்கிற ஒவ்வொண்ணையும் நாங்க எண்றோம்."

"எண்றீங்களா? இந்தத் தண்ணியவா?"

"இதுல உயிர் இருக்கு. ஒண்ணொண்ணா எண்ணி எழுதணும். நீங்க ஊத்தினதுல பாதி போச்சு. நான்தான் அதைத் தொலைச்சுட்டேன்னு என் வேலையே போற மாதிரி இருக்கு."

அவர் முகம் மாறியது. "அட இன்னா பேஜாரு. மோந்து பாத்துட்டுக் கொட்டிருவீங்கன்னு நெனச்சேன். ஒருத்தரும் சொல்லலியே," என்று துண்டுக்கு அடியில் கிடந்தவரைப் பார்த்தார். துண்டு அசையவில்லை.

எனக்கு அந்த ஒரு கையை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. கேட்டால் அவரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். "இங்கேயே இன்னொரு தடவை இழுக்கலாமா அண்ணே? கடலுக்குத்தான் கொடுத்தாச்சே," என்று கேட்டேன்.

"குடுத்தாச்சு. இனிமே நீ எத்தினி வேணா எடுத்துக்கோ. ஒரு சொட்டு தொடமாட்டேன்."

துண்டுக்கு அடியிலிருந்து முனகல் வந்தது. "இங்கயா? இன்னும் பத்து நிமிஷமா?"

"படு சார், படு," என்று படகுக்காரர் வலையை மறுபடி இறக்கினார்.

முகத்துவாரத்தில் அன்றைக்கு இரண்டு பாட்டில்கள் நிரம்பின. ஒன்று கடலுக்குப் பங்கு கொடுத்தது, இன்னொன்று கொடுக்காதது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. மற்ற நான்கு இடங்களிலும் களப்பணியாளர் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வேலையைப் பார்த்தார். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சந்தோஷத்தில் ஜன்னல் வழியே கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். திருவொற்றியூர் நெருங்கும்போதுதான் பேசினார்.

"சார்கிட்ட சொல்லிடுவியாம்மா?"

"படகுக்காரர் ஊத்தினதைச் சொல்லித்தானே ஆகணும்ணா. அப்போ நீங்க எங்க இருந்தீங்கன்னு கேட்பாரு."

"அந்த ஒரு இடம்தான் எனக்கு ஆகறதில்ல. மத்த இடமெல்லாம் நீயே பார்த்தே. பதினோரு வருஷம் ஆச்சு, ஒருத்தருக்கும் தெரியாது. கடலுக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டா இந்த ஆபீஸ்ல எனக்கு வேற என்ன வேலை இருக்கு?"

எனக்குத் தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில், அந்த வழி இவர் முதுகின்மேல் போகிறது என்பதை நான் பார்க்கவேயில்லை. "நான் பொய் சொல்ல முடியாதுண்ணா," என்றேன் கடைசியில். "ஆனா முதல்ல பேச மாட்டேன்." அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை ஆறு பாட்டில்களையும் அதிகாரியின் மேஜையில் வரிசையாக வைத்தேன். "ஆறா?" என்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற களப்பணியாளர் தொண்டையைச் செருமினார்.

"சார், முதல் இடத்துல எனக்கு வாந்தி வந்துடும். எழுந்திருக்கவே முடியாது. அங்க படகுக்காரர்தான் வலை இழுப்பார். அவங்க வழக்கப்படி ஒரு கை கடலுக்கு விட்டிருக்கார். எனக்குத் தெரியாது சார். நான் துண்டு போட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"துண்டு போட்டா வாந்திக்குக் கொஞ்சம் கேக்குதா?" என்றார் அதிகாரி.

"சார்?"

"எனக்கு எதுவுமே கேக்கல. எலுமிச்சம்பழம், புளி, இஞ்சி, எல்லாம் பார்த்துட்டேன். மூணு தடவை போனேன், மூணு தடவையும் என்னைத் தூக்கித்தான் இறக்கினாங்க. அப்புறம்தான் இந்த நாற்காலி."

களப்பணியாளர் சிரிக்கவில்லை. பெருமூச்சு ஒன்று விட்டார். அறையில் இருந்த காற்றே மாறினது மாதிரி இருந்தது.

அதிகாரி சும்மா விடவில்லை. இரண்டு முகத்துவாரப் பாட்டில்களையும் தன் எதிரிலேயே வடிக்கச் சொன்னார். வடித்தேன். முதல் பாட்டிலை நான் எண்ண, இரண்டாவதை அவரே லென்ஸில் கண் வைத்து எண்ணினார். நடுவில் கூட்ஸ் வண்டி வந்தது. மூன்று பேரும் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தோம். எண்ணி முடித்ததும் மற்ற நான்கையும் எண்ணச் சொன்னார். இரண்டு நாள் ஆயிற்று. பங்கு கொடுக்காத பாட்டில் எல்லாவற்றையும் விட முன்னால் நின்றது, பழைய பதிவேட்டில் இருந்தது போலவே. முகத்துவாரத்துத் தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைக்கும்தான்.

என் நோட்டில் ஐந்து மாத முகத்துவாரக் கணக்கையும் அவர் சிவப்பு மையால் அடித்தார். ஓரத்தில் காரணம் எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்து, "மாதிரியில் ஒரு பகுதி கடலுக்குத் திருப்பித் தரப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். அதே பேனாவால் என் நீட்டிப்புத் தாளிலும் ஒரு கையெழுத்து. நான் அதை வாங்கி இரண்டு தடவை படித்தேன். ஒரு வருஷம் என்றுதான் இருந்தது.

"இனிமே அங்க ரெண்டு தடவை இழுங்க," என்றார். "முதல்ல வர்றதை அந்த மனுஷர் மொத்தமா கடலுக்கே கொடுத்துக்கட்டும். ரெண்டாவது நமக்கு. ஆனா பக்கத்துல நம்ம ஆள் ஒருத்தர் நிக்கணும். யார் நிக்கிறது?"

நான் களப்பணியாளரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"அவங்க நிக்கட்டும் சார்," என்றார் அவர். "நான் படுத்துக்கிட்டே கடிகாரம் பார்க்கறேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்த மாதம் முகத்துவாரத்தில் துண்டின் ஒரு மூலையை மட்டும் தூக்கிக்கொண்டு, ஒண்ணு, ரெண்டு என்று நிமிடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். பத்து என்றதும் நான் கயிற்றை இழுத்தேன்.